எச்டி 650 ஹெட்போனுக்கு மேலே போகலாமா? 800 எஸ், உட்டோபியா, சுந்தரா கேட்டவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை ரேடியோ:

வணக்கம். நான் இங்கே படிப்பதுதான் அதிகம், எழுதியது இரண்டு மூன்று தடவைதான். இப்போது ஒரு குழப்பம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் ஆறு வருஷமாகச் சென்ஹைசர் எச்டி 650 இருக்கிறது. கூடவே உள்ளங்கை அளவுக்கு ஒரு டாக்-ஆம்ப், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றிப் பெருக்கித் தரும் பெட்டி. ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஒன்றரை மணி நேரம் கேட்பேன். அதில் முக்கால்வாசி பழைய கச்சேரிப் பதிவுகள். அப்பா 70-களிலும் 80-களிலும் ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்து வைத்தவை. போன லாக்டவுனில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். மிச்சம் 80-களின் சினிமாப் பாட்டு, எப்போதாவது மேற்கத்திய நால்வர் குழு இசை.

போன மாசம் வேலையாகச் சென்னை போயிருந்தபோது ஒரு கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அதே சென்ஹைசரின் எச்டி 800 எஸ்ஸைத் தலையில் வைத்ததும் சுவரெல்லாம் நகர்ந்து போன மாதிரி இருந்தது. தபலாவின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழுந்தது. ஆனால் பாடகி 'ச', 'ஸ' வரும் இடத்திலெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. பக்கத்திலேயே ஃபோகல் உட்டோபியாவும் இருந்தது. என் பட்ஜெட்டுக்கு எட்டாது, சும்மா மாட்டிப் பார்த்தேன், கழற்ற மனசு வரவில்லை. ஹைஃபைமேன் சுந்தராவையும் கேட்டேன். விலையைப் பார்த்தால் இது இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாதே என்று தோன்றியது. மொத்தமே இருபது நிமிடம்தான். பாட்டு அவர்கள் போட்டது. வால்யூம் குமிழும் அவர்கள் கையில்.

வீட்டுக்கு வந்து 650-ஐ மாட்டினால் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கிறது. ஒன்றரை லட்சம் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு கேள்வி. 800 எஸ் வாங்கினால் அந்த ஊசி பழகிவிடுமா? இல்லை, 650-ஐ வைத்துக்கொண்டு நல்ல ஆம்ப் வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

வீடு பஸ் போகும் தெருவில், முதல் மாடி. ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும்.

டப்பா ஆம்ப்:

ப்ரோ, யோசிக்காதீங்க. 800 எஸ்தான். ஊசி பழகிடும். இல்லாட்டி 6 கிலோஹெர்ட்ஸ்ல ஈக்வலைசரை இறக்கிடுங்க, முடிஞ்சுது. ஒன்றரை லட்சம் கையில இருக்கும்போது சுந்தராவைப் பத்திப் பேசறது பாவம்.

அப்புறம், உட்டோபியாவை 'சும்மா மாட்டிப் பார்க்கிற' தப்பை யாரும் செய்யாதீங்க. எனக்கு இன்னும் ஆறலை.

ஈயப்பற்று:

முதல் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் இரண்டாவதுக்கு மட்டும் வருகிறேன்.

ஆம்ப் வேண்டாம். 650-இன் மின்தடை 300 ஓம். 'பெரிய ஆம்ப் கேட்கும்' என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது கேட்பது வோல்ட்டேஜ், கரண்ட் அல்ல. 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். உங்கள் கையில் இருப்பது 2 வோல்ட் தரும் என்றால், இன்னும் 6 டெசிபல் மேலே. ராத்திரி பத்து மணிக்கு அந்த அளவுக்குக் கேட்டால் அடுத்த வருஷம் ஹெட்போன் தேவைப்படாது, காது மெஷின்தான் தேவைப்படும். ஆம்ப் உண்மையிலேயே வேண்டியது ஹைஃபைமேன் சுஸ்வாரா மாதிரி ஹெட்போனுக்கு. அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 83 டெசிபல். ஆடிஸி எல்சிடி-எக்ஸுக்கு 103. நடுவில் 20 டெசிபல், அதாவது அதே சத்தத்துக்கு நூறு மடங்கு பவர். அதற்குத்தான் மேஜை நிறையும் ஆம்ப் எல்லாம்.

நான் கேட்க விரும்புவது வேறு. ஆறு வருஷத்தில் காதுப் பஞ்சை (பேட்) எத்தனை தடவை மாற்றினீர்கள்?

என்னிடம் ரிப்பேருக்கு வருகிற 600, 650-களில் பாதிக்கு ரிப்பேரே கிடையாது. பேட் அப்பளம் மாதிரித் தட்டையாகி, வியர்வையும் எண்ணெயும் ஏறி இறுகிப் போயிருக்கும். பேட் தட்டையானால் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் பாகம், காதை நெருங்கிவிடும். ஒலியின் சமநிலையே மாறும். இதோடு மூக்குக்கண்ணாடியும் போட்டிருந்தால், அந்தக் கம்பி வழியாகக் காற்று கசிந்து அடிநாதம் போய்விடும். புதுப் பேட் பஞ்சு மாதிரி இருப்பதால் கம்பியைச் சுற்றி அமர்ந்துகொள்ளும். இறுகிய பேட் அமராது. உள்ளே டிரைவருக்கு முன்னால் ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டம் இருக்குமே, அதையும் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் தொட்டாலே உதிரும்.

முதலில் பேட்டை மாற்றிவிட்டு ஒரு வாரம் கேளுங்கள். சில ஆயிரத்தில் முடியும். கம்பளி போனாலும் போகும். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. 2022-இல் சென்ஹைசரின் ஹெட்போன் பிரிவு சோனோவா கைக்குப் போனது. காது கேட்கும் கருவி செய்கிற சுவிஸ் கம்பெனி. நம் வயசுக்குப் பொருத்தம்தான்.

நங்கநல்லூர் மிருதங்கம்:

சார், நீங்கள் சொல்லியிருக்கும் மூன்றோடு எல்சிடி-எக்ஸையும் சேர்த்து வீட்டில் வைத்துக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். 650 என்னிடம் 2014-லிருந்து இருக்கிறது. 800 எஸ் இரண்டாம் கையாக வாங்கியது. சுந்தரா என் மருமகனுடையது. எல்சிடி-எக்ஸும் உட்டோபியாவும் நண்பர்கள் கொடுத்தவை. உட்டோபியா ஒன்பது நாள் என் மேஜையில் இருந்தது. பத்தாம் நாள் திருப்பிக் கொடுக்கும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

கடையில் போடும் பாட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டு ஸ்டூடியோவில் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தபலா தனித்தனியாக விழுந்தது என்கிறீர்கள், அது உண்மையில் அப்படித்தான் விழுந்ததா? எனக்கு ஒரு வசதி உண்டு. நான் பதினொரு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன். மேடை ஏறும் அளவுக்கு இல்லை. அக்கா வீட்டில் பாடும்போது கூட உட்காருவேன். 2019 கோடையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு மைக் வைத்து ஒரு பதிவு செய்தேன். அக்கா பாட்டு, அவள் பெண் தம்பூரா, நான் மிருதங்கம். ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க, நாற்பது நிமிடம், ஒரே மூச்சில். எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. அந்தக் கூடம் எனக்குத் தெரியும், அந்த மிருதங்கம் தெரியும், அந்தக் குரலை ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன். ஒரு ஹெட்போன் பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது சத்தத்தைச் சமன் செய்வது. அரை டெசிபல் கூட இருந்தால்கூட 'சத்தம் அதிகம்' என்று காது சொல்லாது, 'இதுதான் நல்லா இருக்கு' என்று சொல்லும். கடையில் குமிழ் யார் கையில் இருந்தது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் ஒரு பழைய சிடி டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, அதில் அளக்கும் மைக்கைச் செருகி, மேலே ஹெட்போனை அழுத்தி வைத்து, இரைச்சல் ஒலி ஒன்றை ஓடவிட்டு அளந்துகொண்டேன். ஆய்வுக்கூட வேலை இல்லை. ஆனால் சமன் செய்ததும் ஐந்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. மிச்சப் பாதிதான் இப்போது சொல்லப் போவது.

மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பி. வாசிக்க உட்காரும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவோம். ரவை ஈரமாக இருக்கும்வரை 'தொம்' என்று ஆழமாக இறங்கும். காயக் காயச் சத்தம் வறண்டுகொண்டே வரும். நாற்பது நிமிடப் பதிவில் இந்த மாற்றம் முழுக்க இருக்கிறது. அடிநாதம் 'அதிகமா குறைவா' என்று சொல்ல எந்த ஹெட்போனாலும் முடியும். ரவை காய்ந்ததா இல்லையா என்று சொல்ல எல்லாவற்றாலும் முடியாது.

650-இல் முதல் நிமிடத் தொப்பிக்கும் 38-ஆவது நிமிடத் தொப்பிக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டும் மொத்தமாக, வட்டமாக ஒரு 'தும்'. சுந்தராவில் பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. பிளானர் வகை அப்படித்தான். காந்தங்களுக்கு நடுவே மெல்லிய படலம் முழுவதும் ஒரே நேரத்தில் அசைவதால், அடியில் சரிவில்லாமல் நேராகப் போகும். எல்சிடி-எக்ஸில் இது இன்னும் கனமாக, தொப்பியில் உள்ளங்கையை அழுத்திக் கும்கி இழுக்கும்போது வயிற்றில் படுகிற மாதிரி. ஆனால் அதே எல்சிடி-எக்ஸில் வலது பக்கமான வலந்தலையில் அடிக்கும் சாப்பு மங்கிவிட்டது. எங்கள் வாத்தியாருக்குச் சாப்பு மங்கினால் கோபம் வரும், எனக்கும் வந்தது. தவிர எடை 612 கிராம். முக்கால் மணி நேரத்தில் கழுத்து கேள்வி கேட்கும்.

800 எஸ்ஸில் தொப்பி கொஞ்சம் ஒல்லி. ஆனால் வேறொன்று கேட்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஈர ரவையிலிருந்து உள்ளங்கை பிரியும்போது ஒரு சின்ன 'பிச்' சத்தம் வரும். வாசிப்பவனுக்கு மட்டும் தெரிந்த சத்தம். அதை முதல் தடவை ஹெட்போனில் கேட்டது 800 எஸ்ஸில்தான். உட்டோபியாவிலும் கேட்டது. அங்கே 'பிச்' தனியாக நிற்காமல் அடியோடு சேர்ந்தே வந்தது. மீட்டு அடிக்கும்போது விரல் விளிம்பில் படுவது, தோல் அதிர்வது, அடங்குவது என்று மூன்றும் ஒரே செயலாக இருந்தது. 490 கிராம், பெரிலியம் டிரைவர், 2016-இல் 3,999 டாலர் என்று வந்தபோது நானும் சிரித்தவன்தான். அந்த மீட்டைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. வாங்கும் சக்தியும் வரவில்லை.

இனி உங்கள் ஊசி. தம்பூராவில் மேட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூல் வைப்போம். சரியான இடத்தில் நின்றால் ஸ்வரம் பூத்த மாதிரி ரீங்காரம் வரும், ஒரு மயிரிழை நகர்ந்தால் கொரகொரவென்று எரிச்சலாகும். 800 எஸ்ஸில் கேட்டபோது, என் மருமகள் நூலைத் தப்பாக வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் தப்பு இல்லை. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த ஹெட்போனின் ஒலி தூக்கலாக ஒரு மேடு. 2009-இல் வந்த முதல் 800-இல் அது இன்னும் உயரம். அதைக் குறைக்கத்தான் 2016-இல் வந்த 800 எஸ் மாடலில் உள்ளே ஒலியை உறிஞ்சும் ஒரு அமைப்பு வைத்தார்கள். குறைந்திருக்கிறது, போகவில்லை. நான் அங்கே மூன்றரை டெசிபல் இறக்கினேன், நூல் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அதனால் 'பழகிடும்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழகினால் பிறகு நிஜத் தம்பூரா மந்தமாகத் தெரியும், அது இன்னும் மோசம். டப்பா ஆம்ப் தம்பி சொன்ன ஈக்வலைசர் சரி. ஆனால் எத்தனை டெசிபல் என்பது அவரவர் காது மடலைப் பொறுத்தது. அந்த உயரத்தில் என் காது கேட்பதும் உங்கள் காது கேட்பதும் ஒன்றல்ல. என் மூன்றரையைக் காப்பி அடிக்காதீர்கள்.

குரல். இதில் 650-ஐ ஒன்றும் அசைக்க முடியவில்லை, உட்டோபியா தவிர. 650-இல் கேட்டால் அக்கா. 800 எஸ்ஸில் கேட்டால் எங்கள் கூடம், அதில் அக்காவும் இருக்கிறாள். சுந்தராவில் குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அரை அடி பின்னால் தள்ளி உட்கார்ந்து பாடுகிறாள், ஜலதோஷம் பிடித்த நாள் மாதிரி ஒரு விலகல். மிருதங்கச் சுருதியும் அப்படித்தான். சாதாரண மேளத்தின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று சேராது. வலந்தலை நடுவில் கரணை என்ற கருப்புப் பூச்சு இருப்பதால் அவை ஸ்வரத்தோடு சேர்கின்றன என்று சி. வி. ராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார். அந்தச் சுருதிச் சேர்க்கை எல்லாம் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தைச் சரியாகச் சொல்கிற ஹெட்போன் 650. மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் இது தவறினால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

ஹைஃபைமேன் வைக்கும் பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. சுந்தரா, ஆர்யா, சுஸ்வாரா என்று அடுக்கினால் மேற்கு மாம்பலத்தில் வீட்டு வாசல் பலகை படிக்கிற மாதிரி இருக்கிறது. செய்வது சீனாவில். சுஸ்வரம் என்று பெயர் வைத்துவிட்டு 83 டெசிபல் கொடுத்தால் எப்படி? வாயைத் திறந்து பாட வேண்டாமா?

சரி, உங்கள் விஷயம். நீங்கள் கேட்பதில் முக்கால்வாசி அப்பாவின் ரேடியோப் பதிவுகள் என்கிறீர்கள். அவை மோனோதானே, இரண்டு காதுக்கும் ஒரே ஒலி? 800 எஸ்ஸின் பெரிய வித்தை அந்த அகலம். 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரைக் காதிலிருந்து தள்ளி, கோணமாக வைத்திருப்பதால் வருவது. மோனோவில் அகலமே கிடையாது. பெரிய கல்யாண மண்டபத்தில் நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்ட மாதிரி, பாடகர் தலைக்குள் நடுவில் நிற்பார், சுற்றிலும் வெறுமை. டேப்பின் இரைச்சலும், ரேடியோவின் முனகலும், எங்கே டேப்பைத் திருப்பிப் போட்டார் அப்பா என்பதும் மட்டும் துல்லியமாகத் தெரியும். அதற்காக ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதிலும் ஃபேன் ஓடும் அறையில், வெளிச் சத்தம் உள்ளே வரும் திறந்த கூடு ஹெட்போனில், 'பிச்' எங்கே கேட்கப் போகிறது? நான் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் 800 எஸ் கேட்கிறேன். மே மாசத்தில் 800 எஸ் அலமாரியில் தூங்கும்.

பினாங்கு கேட்பாளர்:

நங்கநல்லூர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் ஸ்டாக்ஸ் எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போனைத் தூசி தட்டினேன். நான்கு வருஷமாக எஸ்ஆர்-எல்700 வைத்திருக்கிறேன். அதற்கு 580 வோல்ட் மின்னழுத்தம் (பயாஸ்) வேண்டும் என்று கேட்டதும் என் அம்மா அந்த அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். தம்பூராவுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. நூலும் இருக்கும், எரிச்சலும் இருக்காது. தொப்பிக்கு உதவாது. தவில் வைத்துக் கேட்டால் அட்டைப்பெட்டி. எங்கள் தைப்பூச உறுமி மேளத்தை இதில் கேட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சோர்ந்திருந்தேன்.

ஒரு இடத்தில் அண்ணனோடு உடன்பாடு இல்லை. மோனோவுக்கு 800 எஸ் வீண் என்கிறார். என் தாத்தா காலத்து இசைத்தட்டுகளை அதில் கேட்டிருக்கிறேன். இரைச்சல் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பதால், இரைச்சலைத் தாண்டிக் கேட்பது சுலபமாகிறது. 650-இல் இரண்டும் ஒரே குழம்பு. அதனால் 'வேண்டவே வேண்டாம்' என்று அடித்துச் சொல்ல வேண்டாம். உங்கள் அப்பாவின் பதிவில் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போங்கள்.

நங்கநல்லூர் மிருதங்கம்:

இரைச்சல் பிரிந்து நிற்கும் என்பது நியாயம். நான் அப்படி யோசிக்கவில்லை. உறுமி விஷயத்தில் என் அனுதாபங்கள்.

மலைக்கோட்டை ரேடியோ:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஈயப்பற்று சார், பேட்டைக் கழற்றியதும் அந்த ஸ்பாஞ்ச் வட்டம் விபூதி மாதிரி கையோடு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் நான் மாற்றியது பூஜ்யம் தடவை. இரண்டையும் புதிதாகப் போட்டேன். முதல் நாள் தலையை நண்டு பிடித்த மாதிரி இறுக்கம், காதிலிருந்து எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்ட உணர்வு. மூன்றாம் நாளிலிருந்து கம்பளியைத் தேடினேன், காணவில்லை. முழுக்கப் போனது என்று சொல்ல மாட்டேன். கடையில் கேட்டதைப் போல அறை திறக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வயலின் வில், தந்தியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மூச்சு விடுவதைப் புதிதாகக் கேட்டேன்.

பினாங்கு நண்பர் சொன்னபடி பென் டிரைவோடு மறுபடி கடைக்கும் போனேன். 800 எஸ்ஸில் அப்பாவின் டேப். உண்மைதான், இரைச்சல் விலகி நின்றது. நங்கநல்லூர் சார் சொன்னதும் உண்மைதான், ஒற்றை நாற்காலி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்ததால் பர்ஸைத் திறக்காமல் வந்துவிட்டேன். சுந்தராவை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன். சினிமாப் பாட்டின் பேஸ் கிடாருக்காக அதை வாங்கும் எண்ணம் இருக்கிறது. தீபாவளி போனஸ் வரட்டும்.

நங்கநல்லூர் சார் தனிச்செய்தியில் அந்த நாற்பது நிமிடப் பதிவை அனுப்பியிருந்தார். புதுப் பேட் போட்ட 650-இல், ஃபேனை நிறுத்திவிட்டு, நேற்று ராத்திரி முழுக்கக் கேட்டேன். உங்கள் அக்காவுக்கு என் நமஸ்காரம். ஒரு சந்தேகம் சார். தொப்பி கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுகொண்டே வருவது எனக்கு இருபதாவது நிமிடத்திலிருந்து தெரிந்தது. ஆனால் 26-ஐத் தாண்டியதும் நிரவல் நடக்கும்போது இடது கை இரண்டு மூன்று அக்ஷரம் நிற்கிறது, துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம் தொப்பி மறுபடி பழையபடி இறங்குகிறது. எதையும் வெட்டவில்லை ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஏதாவது எடிட் இருக்கிறதா?

நங்கநல்லூர் மிருதங்கம்:

எடிட் இல்லை சார். அக்கா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த டம்ளரில் விரலை நனைத்து ரவையைத் தடவிவிட்டேன். கையை வேஷ்டியில் துடைத்தேன், அதுதான் துணிச் சத்தம். அக்காவுக்கே தெரியாது. இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

நீங்கள் 650-இல் கேட்டேன் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். அதில் ரவை காய்வதே தெரியாது என்று மேலே அடித்துச் சொல்லியிருக்கிறேன். உடனே போய் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். 2014-இல் டப்பாவோடு வந்த அதே பேட். நான் கண்ணாடி போடுகிறவன் வேறு. இடது பக்கம் கம்பி படுத்த இடத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம்.

ஈயப்பற்று, அந்த இரண்டு பேட்டும் ஸ்பாஞ்ச் வட்டமும் எங்கே கிடைக்கும்?